வழுவமைதி அறியாத வாசகன்

'அவன் நேற்று மாலை ஆறு மணிக்குப் பேருந்திலேறி வீட்டுக்கு வந்தாள்.' இவ்வாக்கியத்தை ஒருவர் உரக்க வாசித்தால், கேட்பவர் எந்த இடத்திலே முகஞ்சுளிப்பார்? 'அவன்' என்னுஞ் சொல் காதில் விழும்போது அவருக்கு யாதோர் ஐயமும் எழாது. 'நேற்று மாலை' என்றபோதும் 'பேருந்திலேறி' என்றபோதும் ஆட்சேபமில்லை. 'வந்தாள்' என்ற ஈற்றுச்சொல் வந்தவுடனேதான் 'நில்லும், பிழை' என்பார். ஆனால், பிழை அங்கேதான் நிகழ்ந்ததா? எழுதியவர் 'அவள்' என்று எழுதக் கருதிக் கைதவறி 'அவன்' என்று எழுதியிருந்தால், பிழை முதற்சொல்லிலேயே நிகழ்ந்துவிட்டது. அது நிகழ்ந்த இடம் வேறு; கேட்டவர் அதனைக் கண்டுகொண்ட இடம் வேறு.

நன்னூலார் இத்தகைய வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தார். மேலே காட்டியது பால்வழு. வழுவை வகுத்த இலக்கண நூலோர் வழுவமைதி என்ற ஒன்றையும் இரக்கத்தோடு சேர்த்து வைத்தனர். தாயொருத்தி தன் மகளை 'வாடா ராசா' என்றழைத்தால், விதிப்படி அது வழுவேயாயினும், அன்பு காரணமாக அமைத்துக்கொள்ளப்படும். கேட்பவர் மனிதராகையால், சொல்லின் குற்றத்தைக் கடந்து சொல்பவரின் கருத்தைப் பற்றிக்கொள்கிறார். 'அவன் வந்தாள்' என்று கேட்டவரும், பேசப்படுபவர் யாரென்று முன்பே அறிந்தவராயின், சிரித்துவிட்டு மேலே கேட்பார்.

கணினி அவ்வாறு சிரிப்பதில்லை. வழுவமைதி என்ற பகுதியைக் கற்காமலே இலக்கணம் முழுவதையும் மனனஞ் செய்துவிட்ட வாசகன் அது. அதற்கென எழுதப்படும் நிரலில் ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் போதும், நின்றுவிடும். இதனைத் தொடரியல் வழு என்பர். நிரல் எழுதப் பழகுவோர் பலரை முதல் வாரத்திலேயே மனந்தளரச் செய்வது இவ்வழுவேயாகும். அவர்கள் இயந்திரம் சுட்டிய வரியையே மீண்டும் மீண்டும் உற்று நோக்குகின்றனர். அங்கே குற்றம் எதுவும் காணாமல் இயந்திரத்தை நொந்துகொள்கின்றனர். 'வந்தாள்' என்ற சொல்லை எத்தனை முறை பார்த்தாலும் அதில் எழுத்துப்பிழை அகப்படாதல்லவா?

பொருள் தெளிவுபட ஓர் உதாரணத்தைக் கையிற்கொள்வது நலம். ஒரு பாடசாலை அலுவலகத்திலே இலிகிதர் ஒருவர் இருக்கிறார் என்க. அவரிடம் கணினிக் கோப்பொன்று உளது. அதில் 42 மாணவரைப் பற்றிய விபரம், ஒருவருக்கு ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் முதலிலே பெயர், அடுத்து அவர் பெற்ற புள்ளி, கடைசியிலே மதிய உணவு உதவி வேண்டுமா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை'. 35 புள்ளிக்குக் குறையாமற் பெற்றவர் எத்தனை பேர் என்றும், உணவு உதவி வேண்டுவோர் யாவர் என்றும் அதிபர் கேட்கிறார். கையால் எண்ணவுங் கூடும். எனினும், வாரந்தோறும் இதே வினா வருமாயின், கோப்பை வரிவரியாக வாசித்து விடையைத் தரும் ஒரு சிறுநிரலை எழுதி வைத்துக்கொள்வது புத்தியாகும்.

இவ்வகை வேலைக்கென்றே பிறந்த மொழிகளுள் ஒன்று ஓக் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவிலே, நியூ ஜேர்சி மாநிலத்து மறி ஹில் என்னுமிடத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் 1977இல் அது தோன்றியது. அல்பிரட் ஏஹோ, பீற்றர் வைன்பேகர், பிரையன் கேர்னிகன் ஆகிய மூவரின் குடும்பப் பெயர்களினது முதலெழுத்துக்களைக் கோத்து அதற்குப் பெயரிட்டனர். அந்த ஆய்வுகூடத்தில் எழுத்து வேலைக்குத் தனி மதிப்பு இருந்தது. 1969இல் அங்கே தொடங்கிய யுனிக்ஸ் என்னும் கணினி அமைப்பு, காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டெழுதிச் சீர்செய்யும் பணிக்கு உதவும் என்று சொல்லித்தான் தனக்கெனப் புதியதோர் இயந்திரத்தைப் பெற்றது.

அவ்வமைப்புக்கென கென் தொம்சன் ஆக்கிய பதிப்புக் கருவி, பிழையான கட்டளையைக் கண்டால் ஒரேயொரு வினாக்குறியைத் திரும்பக் கொடுக்கும், வேறெதுவுஞ் சொல்லாது. இதனைக் கேலிசெய்து எழுந்த ஒரு கதை கணினித்துறையாரிடையே நெடுங்காலமாக வழங்குகிறது. தொம்சன் வடிவமைத்த மோட்டார் வண்டியிலே வேகமானி இல்லை, எண்ணெய்மானியும் இல்லையாம். சாரதி எந்தத் தவறு செய்தாலும் பெரியதொரு வினாக்குறி மாத்திரம் ஒளிருமாம். அனுபவமுள்ள சாரதி எது பிழையென்று தானே அறிந்துகொள்வாராம். விடைத்தாளிலே சிவப்பு மையாற் பெருக்கற்குறி ஒன்றை இட்டுவிட்டு, காரணஞ் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியரையும் இக்கதை நினைவூட்டும். அவ்வாசிரியர் பிழை கண்டது மெய்யே. மாணவன் கற்றது யாதுமில்லை.

ஓக் அதனினுஞ் சிறிது பேசிற்று. ஆயினும் அதன் தொடக்ககாலச் செய்தியும் புகழ்பெற்ற சிக்கனமுடையது: 'முதலாம் வரியினருகே தொடரியல் வழு, முதலாம் வரியினருகே கைவிட்டு வெளியேறுகிறேன்' என்ற அளவில் அமைந்தது. பெரும்பாலான ஓக் நிரல்கள் அக்காலத்தில் ஒரே வரியில் அடங்கியனவாகையால், முதலாம் வரி என்று சொல்வதாற் பயனொன்றுமில்லை என்று பலர் நகைத்தனர். ஆனால் அச்செய்தியிலே 'அருகே' என்ற சொல் மிக நேர்மையானது. 'இன்ன இடத்தில்' என்று அது அடித்துச் சொல்லவில்லை. தான் தடுக்கிய இடத்தைச் சொல்கிறது. எழுதியவர் தவறிய இடத்தை அது அறியாது.

ஏன் அறியாது என்பதற்குக் காரணம் அது வாசிக்கும் முறையிலே இருக்கிறது. டொனால்ட் கனூத் 1965இல் ஒரு வாசிப்பு முறையை ஆராய்ந்து வெளியிட்டார். நிரலை இடமிருந்து வலமாக ஒருமுறையே வாசித்து, அடுத்து வரும் ஒரு சொல்லை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு, பின்னோக்கித் திரும்பாமலே அதன் அமைப்பை அறிவது அம்முறை. பெல் ஆய்வுகூடத்து ஸ்டீபன் ஜோன்சன், இவ்வழியில் வந்த வாசகர்களைத் தானே ஆக்கித்தரும் கருவியொன்றை 1970களில் அமைத்தார். ஓக் மொழியின் வாசகனும் அக்கருவியாலே ஆக்கப்பட்டது.

இம்முறைக்குப் பயன்மிக்க ஓரியல்பு உண்டு. அதுவரை படித்த பகுதியைத் தொடக்கமாகக் கொண்ட சரியான நிரல் ஏதேனும் ஒன்று இருத்தல் கூடுமாயின், வாசகன் தடையின்றி முன்னேறும். இனி எவ்வாறு தொடர்ந்தாலும் சரியாகாது என்று தெரியும் முதற்சொல்லிலேயே நின்றுவிடும். ஆதலால், நிரலின் முதல் வழு அது நின்ற இடத்தில் இருக்கலாம், அதற்கு முன்னே எங்கும் இருக்கலாம், பின்னே இருக்க முடியாது. இது வெறும் அனுபவ வாக்கன்று, கணிதத்தால் நிறுவப்பட்டது. சுட்டிய வரியிலே குற்றம் காணாதவர் கீழ்நோக்கித் தேடுவது வீண். மேல்நோக்கித் தேட வேண்டும்.

நம் இலிகிதருக்கு இது எவ்வாறு உதவும்? ஓக் மொழியிலே ஒவ்வொரு விதியும் 'இத்தகைய வரி வந்தால், இன்னது செய்' என்ற வடிவினது. செய்ய வேண்டியதை நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள் எழுதுதல் வேண்டும். இலிகிதர் ஒன்பது வரியில் நிரலை எழுதி, இரண்டாம் வரியிலே திறந்த அடைப்பை மூட மறந்துவிடுகிறார். இயந்திரம் இரண்டாம் வரியைக் குறைகூறாது. அடைப்பு இனியும் மூடப்படலாம் என்ற நம்பிக்கையிலே படித்துக்கொண்டே செல்லும். இடையிலே ஒவ்வாத ஒன்று வந்தால் அங்கே நிற்கும். வராவிடின், எழுத்தே முடிந்துபோன இடத்தில், 'எதிர்பாரா முடிவு' என்று முறையிடும். ஒன்பதாம் வரியைத் திருத்த முயல்பவர், நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவார். கோப்பின் இறுதியைச் சுட்டும் செய்தி வந்தால், திறந்து மூடாத ஏதோவொன்று மேலே இருக்கிறது என்றே கொள்க.

இக்குறையை நீக்க முயன்றவர்களும் உளர். பைதன் என்னும் மொழி 1991இல் வெளிவந்தது. இலங்கையிலே உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பங் கற்கும் மாணவர் பயில்வதும் அதுவே. அதிலே ஓர் அடைப்பை மூடாமல் விட்டால், குற்றமற்ற அடுத்த வரியைச் சுட்டி 'தொடரியல் பிழை' என்று சொல்வது பல்லாண்டு வழக்கமாயிருந்தது. 2020இல் அதன் வாசகனையே புதிதாக அமைத்தனர். அதன் பயனாக, 2021இல் வந்த 3.10 என்னும் பதிப்பு திறந்த அடைப்பையே சுட்டி, 'இது மூடப்படவேயில்லை' என்று சொல்லத் தொடங்கிற்று. மூன்று தசாப்தமாகப் பழகுநர் பட்ட அல்லல் ஒன்று இவ்வாறு நீங்கியது. நல்ல ஆசிரியர் அடைந்த இடத்தை இயந்திரமும் மெல்ல மெல்ல அடைகிறது எனலாம்.

இனி, இலிகிதரின் இன்னொரு தொல்லை. அவர் தமது ஓக் நிரலைத் தனிக்கோப்பில் எழுதாமல், கட்டளையாக நேரே தட்டெழுதுகிறார். அப்போது அதனைப் படிப்பவர் ஒருவரல்லர், இருவர். கட்டளைகளை ஏற்கும் ஷெல் என்பது முதல் வாசகன். அது படித்து மிஞ்சியதையே ஓக் படிக்கும். இருவருக்கும் இலக்கணம் வேறு. ஷெல் இந்நிரலைத் தொடாதிருக்க வேண்டுமாயின், முழுவதையும் ஒற்றை மேற்கோட்குறிகளுக்குள் அடைத்துக் கொடுக்க வேண்டும்; அது மூடிய கடிதவுறை போன்றது.

அவ்வுறையை மூட மறந்தால் ஷெல் குற்றஞ்சொல்லாது. கடிதம் இன்னும் முடியவில்லையென்று கருதி, அடுத்த வரியிலே ஒரு சிறுகுறியைக் காட்டிக் காத்திருக்கும். இயந்திரம் செயலிழந்துவிட்டது என்று இலிகிதர் அஞ்சுகிறார். அது செயலிழக்கவில்லை, அவர் மூடும் குறிக்காகப் பொறுமையோடு காத்திருக்கிறது. இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. நிரலுக்குள்ளே குறிப்பாக எழுதிய ஆங்கில வாக்கியமொன்றில், எழுத்துத் தொக்கி நிற்பதைக் காட்டும் மேற்கொம்பு ஒன்று வந்துவிட்டால், ஷெல் அதையே உறையின் மூடியென்று கொண்டு கடிதத்தைப் பாதியிற் கிழித்துவிடும். குறிப்பு வரியை இயந்திரம் பொருட்படுத்தாது என்று கற்றவருக்கு, அக்குறிப்பினாலேயே நிரல் உடைவது பெருவியப்பாகும். பொருட்படுத்தாதது ஓக், ஷெல் அந்த வாக்குறுதியைக் கொடுத்ததேயில்லை.

ஒற்றைக் குறிக்குப் பதிலாக இரட்டை மேற்கோட்குறியை இட்டால் நிகழ்வது இன்னும் நுட்பமானது. ஓக் மொழியில் வரியின் முதலாஞ் சொல், இரண்டாஞ் சொல் என்பவற்றை டொலர்க் குறியும் எண்ணும் சேர்த்துக் குறிப்பர். இரட்டைக் குறி ஒளிபுகும் உறை. உள்ளேயிருக்கும் டொலர்க் குறியை ஷெல் கண்டு, தன் இலக்கணப்படி பொருள்கொண்டு, அங்கே வெறுமையை வைத்துவிடும். இரண்டாஞ் சொல்லையும் மூன்றாஞ் சொல்லையும் கூட்டு என்று எழுதியது, ஓக்கின் கைக்கு வரும்போது கூட்டற்குறி மட்டும் எஞ்சிய முண்டமாகி வழுவாகும். முதலாஞ் சொல்லை அச்சிடு என்று எழுதியதோ 'அச்சிடு' என்று மட்டும் எஞ்சும். அது வழுவன்று, முழுவரியையும் அச்சிடு என்றே பொருள்படும். ஆகவே செய்தி வந்ததும் கேட்க வேண்டிய முதல் வினா, குற்றஞ்சொல்பவர் யார் என்பது. செய்தியின் தொடக்கத்திலே அவர் தம் பெயரைச் சொல்லியே பேசுகிறார். பலர் அதைப் படிப்பதில்லை. நிரலைத் தனிக்கோப்பிலே எழுதி ஓக்கிடம் நேரே ஒப்படைத்தால், இத்தொல்லை முழுவதும் ஒழியும்.

கண்ணுக்குச் சரியாகத் தோன்றியும் இயந்திரம் ஏற்காத எழுத்துக்கள் ஒரு தனிக்கூட்டம். கடிதம் எழுதும் மென்பொருளிலே நிரலைத் தட்டெழுதினால், அது நேரான மேற்கோட்குறிகளை அழகுக்காக வளைத்துவிடும். வளைந்த குறி கணினிக்கு மேற்கோட்குறியன்று. இணையப் பக்கங்களிலிருந்து எடுத்து ஒட்டும்போது, இடைவெளிபோலத் தோன்றி இடைவெளியல்லாத எழுத்தும் உடன்வருவதுண்டு. விண்டோஸ் அமைப்பிலே எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் இரண்டு குறியெழுத்துக்கள் உள. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளிலே ஒன்றே உளது. பழைய தந்தித் தட்டச்சுப் பொறியிலே, தட்டுத்தலையை இடப்பக்கத்துக்கு மீட்பது ஒரு செயலாகவும், தாளை ஒரு வரி உயர்த்துவது இன்னொரு செயலாகவும் இருந்தமையின் எச்சம் அது.

அந்த எச்சத்தினால் நேரும் தீங்கு சிறிதன்று. உணவு உதவிக் கோப்பு விண்டோஸ் இயந்திரமொன்றிலிருந்து வந்தது என்க. கடைசிச் சொல் 'ஆம்' ஆயின் பெயரை அச்சிடு என்று இலிகிதர் எழுதுகிறார். நிரலிலே வழுவில்லை, செய்தியும் வரவில்லை. ஆனால் கோப்பிலுள்ள ஒவ்வோர் 'ஆம்' என்பதன் பின்னும் கண்ணுக்குத் தெரியாத குறியெழுத்தொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்துக்கு அது 'ஆம்' அன்று. கோப்பின் கடைசி வரிக்குப் பின் மாத்திரம் வரிமுடிவுக் குறி இல்லாதிருந்தால், அந்த ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் பட்டியலில் வரும். ஏனையோர் பெயரெல்லாம் விடுபட்ட பட்டியல், அச்சுச் சுத்தமாக, குற்றமற்றதுபோல மேசைக்கு வரும். மறையெழுத்துக்களையும் வெளிப்படுத்திக் காட்டும் ஓடி என்னும் சிறுகருவி யுனிக்ஸ் அமைப்பிலே தொடக்க நாள்முதல் உளது. ஐயம் வந்தபோது அதனிடம் கோப்பைக் காட்டுவது நலம்.

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் இங்கே சொல்லத்தக்கது. ஔவை என்ற பெயரின் முதலெழுத்தைச் சிலர் உயிரெழுத்தாகிய ஔகாரமாகத் தட்டெழுதுவர். சிலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவர். அச்சிலே இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒருவகையாகத் தேடுபவருக்கு மற்றவகை அகப்படாது. ஓக் மொழியை ஆக்கியவருள் ஒருவராகிய கேர்னிகன், தமது எண்பதாம் வயதிலே, 2022இல், உலக மொழிகளின் எழுத்துக்களை முறையாக எண்ணும் ஆற்றலை அதற்கு ஊட்டினார். மூவரும் 1988இல் எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. அதற்குமுன் அவர்களுடைய ஓக்கிடம் ஒரு தமிழெழுத்தின் நீளத்தைக் கேட்டால், 'மூன்று' என்று விடை வரும். ஔகாரச் சிக்கலையோ அவராலும் தீர்க்க முடியாது; அது தட்டெழுதுவோர் தீர்க்க வேண்டியது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு, மனிதர்போல இயந்திரமும் வழுவமைதி கற்றாலென்ன என்று நேயர்கள் கேட்கலாம். கற்பிக்க முயன்றதுண்டு. நிரலைத் துளைஅட்டைகளிற் பொறித்துக் கணினி நிலையத்திலே கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலத்தில், ஒரு காற்புள்ளி தவறினாலும் ஒரு நாள் வீணாகும். ஆகவே, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 1960களிலும் 1970களிலும், வழுவைத் தாமே திருத்திக்கொண்டு எப்படியாவது நிரலை ஓடச்செய்யும் மொழிபெயர்ப்பிகளை அமைத்தனர். மாணவருக்கு அது பெரும் உதவியாயிற்று.

பின்னர், கலிபோர்னியாவிலுள்ள சீரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் 'என் கருத்துப்படி செய்' என்ற பெயரிலே ஓரேற்பாடு இருந்தது. அதைப்பற்றிக் கணினித்துறையார் சொல்லும் கதையொன்று உண்டு. அங்கே பழைய பிரதிகளின் பெயரின் ஈற்றிலே டொலர்க் குறி இருக்கும். ஒருவர் இடத்தை மீட்க விரும்பி, டொலர்க் குறியில் முடியும் எல்லாக் கோப்புகளையும் அழி என்று கட்டளையிட்டார். அத்தகைய கோப்பு ஒன்றும் இருக்கவில்லை. இயந்திரமோ, அவர் கைதவறி டொலர்க் குறியைச் சேர்த்துவிட்டார் என்று தானே இரக்கப்பட்டு, 'எல்லாக் கோப்புகளையும் அழி' என்பதே அவர் கருத்தென முடிவுகட்டி, அழிக்கத் தொடங்கிற்று. ஓர் அரைத் தசினம் கோப்புகள் போனபின் அவர் அதை நிறுத்தினாராம். தாயின் 'வாடா ராசா' என்ற அழைப்பிலே அன்பை அறிபவர் அவளை முன்பே அறிந்தவர். இயந்திரம் எழுதியவரை அறியாது. அறியாதவர் செய்யும் வழுவமைதி ஆபத்தானது.

அதனால், 'வழு' என்று சொல்லி நின்றுவிடும் இயந்திரம் பகையன்று. அஞ்ச வேண்டியது, வழுவே இல்லாமல் ஓடும் பிழையான நிரலுக்கு. 2011இல் ஒரு மென்பொருளை நிறுவும் சிறுநிரலிலே, அழிக்க வேண்டிய உட்கோப்புறையின் பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்துவிட்டது. இடைவெளி தொடரியல் வழுவன்று. ஒரு பெயர் இரு பெயராகப் பிரிந்தது, அவ்வளவே. அந்த இரண்டில் முதலாவது, கணினியின் நிரல்களிற் பெரும்பகுதி தங்கியிருக்கும் மூலக் கோப்புறையின் பெயராயிருந்தது. இயந்திரம் முறையிடவில்லை, சொன்னபடி அதனை அழித்தது.

வழுத் தேடும் முறையைப்பற்றிச் சில சொல்ல வேண்டும். பல செய்திகள் வந்தால் முதலாவதை மட்டும் படிக்க வேண்டும். ஒரு குறி தவறினாலே வாசகன் தடம்மாறிப் பின்வரும் நல்ல வரிகளையும் குறைகூறும். ஒன்றைத் திருத்தி, மீண்டும் ஓட்டி, பிறகே அடுத்ததைப் பார்க்க வேண்டும். இடம் புலப்படாதபோது நிரலிற் பாதியை ஒதுக்கிவைத்து ஓட்டுக. வழு மறைந்தால் அது ஒதுக்கிய பாதியில் உளது. மீண்டும் அதிற் பாதி. ஆயிரம் வரியாயினும் பத்து முறைக்குள் ஒரு வரிக்கு வந்துவிடலாம். அடைப்புக்கு நடுவே வெட்டாமல் முழு விதியாக வெட்ட வேண்டும் என்பது மட்டும் கவனத்திலிருக்கட்டும். அன்றேல் வெட்டினாலேயே புதுவழு பிறக்கும். ஷெல், பேர்ல், பைதன் ஆகியவற்றிலே, நிரலை ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சோதிக்கும் வசதியும் உண்டு. கோப்புகளை அழிக்கும் நிரலுக்கு அச்சோதனை அவசியம்; ஆனால் மேலே கூறிய இடைவெளியை அது கண்டிராது. அதற்கு மருந்து, இரண்டு மூன்று வரிகளேயுள்ள பயிற்சிக் கோப்பிலே முதலில் ஓட்டி, விடையைக் கையாலும் எண்ணிப் பார்ப்பதுதான்.

இலிகிதரின் முதற்கணக்கு அத்தகையது. இரண்டாஞ் சொல் 35க்குக் குறையாதாயின், எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு. ஈற்றில் எண்ணிக்கையை அச்சிடு. இதுவே அவர் எழுதக் கருதியது. நிபந்தனையை ஒரு வரியில் எழுதினார். அழகுக்காக, நெளிந்த அடைப்பை அடுத்த வரியின் தொடக்கத்திலே திறந்தார். வேறு பல மொழிகளிலே அப்படி எழுதுவது வழக்கம், குற்றமில்லை. ஓக் மொழியிலோ வரி முடிந்தால் விதியும் முடிந்தது. நிபந்தனை தனிவிதியாயிற்று, செயல் கூறாத விதிக்கு, பொருந்திய வரியை அச்சிடு என்பதே பொருள். அடைப்பு இன்னொரு தனிவிதியாயிற்று. நிபந்தனையற்ற விதி எல்லா வரிக்கும் உரியது. இரண்டும் இலக்கணப்படி சரியானவை. இயந்திரம் ஒரு சொல்லும் முறையிடவில்லை. சித்தியடைந்தோரின் வரிகளைத் திரையிலே ஒழுங்காக அச்சிட்டு, கீழே 42 என்று எழுதிற்று.

அந்த எண்ணைக்கொண்டே அடுத்த வகுப்புக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட இருந்தன. கேளாமலே பெயர்களெல்லாம் திரையில் வந்தது ஏனென்று இலிகிதருக்கு ஐயம் எழுந்தது. பென்சிலின் முனையால் வரிகளை ஒவ்வொன்றாக எண்ணினார், 31 இருந்தன. அடைப்புக்குறியை மேல்வரிக்கு உயர்த்தி மறுபடியும் ஓட்டினார். பெயர்கள் வரவில்லை, 31 என்ற எண் மட்டும் வந்தது.